பேலாஸ்ட்டுக்கு எந்த பம்ப்: ஏரேட்டரா, இம்பெல்லரா?

வேக்போர்டு படகில் (பலகையில் சறுக்குபவரை இழுத்துச் செல்லும் படகு) பேலாஸ்ட் குழாய்களை, அதாவது பின்னால் எழும் அலை பெரிதாக எடைக்காகப் பைகளில் தண்ணீர் நிரப்பும் குழாய்களை, மாற்றுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது பம்ப்பைத்தான். ஏரேட்டர் பம்ப் விலை குறைவு, ஆனால் தானாக உறிஞ்சாது, நீர்மட்டத்துக்குக் கீழேயே இருந்தாக வேண்டும், ஹோஸில் காற்று சிக்கினால் மோட்டார் சத்தம் கேட்கும், பை மட்டும் நிரம்பாது. நிரப்ப ஒன்று, காலி செய்ய ஒன்று என இரண்டு வேறு வாங்கணும், அப்புறம் படகு ஓடும்போது தண்ணீர் தானாக உள்ளே ஏறாமலிருக்க வால்வு.

இம்பெல்லர் பம்ப், அதாவது சுழலும் ரப்பர் இதழ்களால் தண்ணீரைத் தள்ளுவது, ஒன்றே போதும், சுவிட்சைத் திருப்பினால் நிரப்பும், மறுபக்கம் திருப்பினால் இறைக்கும். நின்றிருக்கும்போது ரப்பர் இதழ்களே வழியைப் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும். பை காலியானதைக் கவனிக்காமல் ஓடவிட்டால் அந்த இதழ்கள் சூடேறிக் கிழிந்துவிடும், அதுதான் தொல்லை. ஆனாலும் இடம் குறைந்த படகு என்றால் என் ஓட்டு இதற்குத்தான், டைமர் சுவிட்சோடு. எதைப் போட்டாலும் சரி, படகின் அடியில் தண்ணீர் உள்ளே வரும் துளையில் கையால் மூடும் வால்வை விட்டுவிடாதீர்கள்.