மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே): நாற்பதிலா, ஐம்பதிலா, கிளினிக் பரிசோதனையே போதுமா?

மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, காம்பில் ரத்தம் கசிகிறது, மார்புத் தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிகிறது என்றால் இந்த அலசல் உங்களுக்கு இல்லை. நாளைக் காலையே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போங்கள். "தீபாவளி போகட்டும், மகள் கல்யாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போடும் பழக்கம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் போகவில்லை. உடம்பில் ஒரு குறியும் இல்லாத பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் கீழே உள்ள மூன்று வழிகளும்.

முதல் வழி, கிளினிக்கில் கையால் தடவிப் பார்ப்பது. ஒரு வெள்ளி (ரிங்கிட்) செலவு, அரை நாளில் வேலை முடியும். கைக்கு அகப்படும் அளவு வளர்ந்த கட்டிதான் இதில் தெரியும் என்பது உண்மை. ஆனாலும் இதை மட்டமாக எண்ண வேண்டாம். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பார்க்கப்பட்ட 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

இரண்டாவது, ஐம்பதிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை மேமோகிராம். கட்டி கைக்கு வருமுன்பே படத்தில் விழலாம். அதற்கும் ஒரு விலை உண்டு. பிரிட்டனில் 2012இல் சுயேச்சையான நிபுணர் குழு ஒன்று போட்ட கணக்கு இது: 10,000 பெண்களை ஐம்பது வயதிலிருந்து 20 ஆண்டுகள் அழைத்துப் பரிசோதித்தால் 43 மரணங்கள் தவிரும், வாழ்நாளில் தொல்லையே தந்திருக்காத புற்றுநோய்க்காக 129 பேர் சிகிச்சைக்குப் போவார்கள். அந்த 129இல் தான் ஒருத்தியா என்று எவருக்கும் தெரியாது. அறுவை, கதிர் எல்லாம் முடிந்து "நல்லவேளை, பிழைத்தேன்" என்றுதான் அவரும் சொல்வார். டாக்டர்கள் பலர் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாவதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, நாற்பதிலேயே தொடங்குவது. அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு முன்பு நாற்பதுகளில் அவரவர் முடிவு என்றது; 2024இல் நாற்பதிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை என்று மாற்றிக்கொண்டது. சிக்கல் என்னவென்றால், இளவயதில் மார்பகத் திசு அடர்த்தி. படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. "சந்தேகமாக இருக்கு, திரும்ப வாங்க" என்ற அழைப்பு அதிகம் வரும். அதில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் முடியும். பட்டணத்தில் இருப்பவருக்கு அது ஒரு மதிய நேரம். செம்பனைத் தோட்டத்தில் நாள்கூலிக்கு உரம் போடும் பெண்ணுக்கோ, ஈப்போவுக்குப் பஸ், ஒரு நாள் சம்பளம், முடிவு வரும்வரை தூக்கமில்லாத இரவுகள்.

என் கணக்கு இப்படிப் போகிறது. அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் ஐம்பது வரை காத்திருக்கக் கூடாது; எப்போது தொடங்குவதென்று இப்போதே டாக்டரிடம் கேளுங்கள். அப்படி இல்லை என்றால் நாற்பதுகளில் ஆண்டுதோறும் கிளினிக் பரிசோதனை (மும்பை ஆய்வில் இந்த வயதில் பலன் தெரியவில்லைதான், ஆனால் செலவு குறைவு), ஐம்பதில் மேமோகிராம். திரும்ப அழைத்தால் போக முடியும், வீண் பதற்றத்தையும் தாங்குவேன் என்பவர் நாற்பதிலேயே எடுக்கலாம், தவறில்லை. கூச்சமாக இருந்தால் பெண் டாக்டரைக் கேளுங்கள். கேட்பதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பழைய படம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள்: ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் வீண் அழைப்பு குறையும்.