பேட்மின்டன் கோர்ட்டுக்கு வருடச் சந்தா கட்டும் முன்: தரையில் விரித்த மேட்டுக்குக் (mat) கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மதுரையில் பிள்ளைகளை பேட்மின்டன் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். ரிங் ரோட்டை ஒட்டிய ஓர் உள்ளரங்கில் "மரத்தளம், அதுக்கு மேல சிந்தெடிக் மேட் சார், முட்டிக்குப் பிரச்சினையே வராது" என்று சொல்லி ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாக வாங்கினார்கள். என் மகள் ஆடிய கோர்ட்டில் மேட்டுக்கு அடியில் இருந்தது வெறும் சிமென்ட். அந்த மேட்டின் இணைப்பில் கால் மாட்டி அவளுக்குக் கணுக்காலில் லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) கிழிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, இந்த வருடம் மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டியவள்.

நடந்தது இதுதான். பின்பக்க இடது மூலைக்கு வந்த பந்தை எம்பி அடித்துவிட்டு இடது காலில் இறங்கினாள். வலது கையில் ஆடுகிறவர்கள் அந்த மூலையில் எம்பி அடித்தால் பெரும்பாலும் அப்படித்தான் இறங்குவார்கள், உடம்பு எடை முழுக்க ஒற்றைக் காலில் வரும் இடம் அது. இரண்டு மேட் சுருள்கள் சேரும் கோடு சரியாக அங்கேதான் போகிறது. அதன் மேல் மேட்டின் அதே பச்சையில் டேப் ஒட்டியிருந்தார்கள். டேப் சுருண்டு, ஓரமெல்லாம் அழுக்கு அப்பி, மேட் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தால் தெரியாது. குனிந்து விரலை விட்டேன், நகம் முழுக்க உள்ளே போனது. தூக்கிப் பார்த்தால் சிமென்ட் தரையில் கறுப்பாக ஈரம், பசை உருகிய வெல்லம் மாதிரி கையில் ஒட்டியது.

உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாப்பாவோட ஷூ சரியில்ல சார்" என்றார். பேட்மின்டனுக்கென்றே விற்கும் கம் சோல் (வழுக்காத ரப்பர் அடிப்பாகம்) ஷூதான் போட்டிருந்தாள். மரத்தளம் எங்கே என்று கேட்டதும், "முதல் கோர்ட்ல போட்டிருக்கோமே சார்" என்று பதில் வந்தது. விசாரிக்க வருகிறவர்களை அந்த முதல் கோர்ட்டில் நிற்க வைத்துத்தான் பேசுகிறார்கள். மாலையில் மணிக்கணக்கு வாடகைக்குப் போவதும் அதுதான். பிள்ளைகளின் பேட்ச் எப்போதும் கடைசி கோர்ட்டுகளில். எனக்கு வயிறு எரிந்தது இதில்தான். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளைகளைத் தெரிந்தே சிமென்ட்டில் குதிக்க விட்டிருக்கிறார்கள்.

மரத்தளம் ஆடம்பரத்துக்குப் போடுவதல்ல. அடியில் ரப்பர் பட்டைகள், அதன் மேல் மரச் சட்டங்கள், அதற்கு மேல் பலகை. குதித்து இறங்கும்போது தரை கொஞ்சம் அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உள்ளரங்கத் தரைகளுக்கான ஐரோப்பியத் தர அளவுகோலான இஎன் 14904, கான்கிரீட்டோடு ஒப்பிட்டுக் குறைந்தது 25 சதவீத அதிர்ச்சியையாவது தரை வாங்க வேண்டும் என்கிறது. நாலைந்து மில்லிமீட்டர் மேட்டைச் சிமென்ட் மேல் விரித்துவிட்டு அதை மரத்தளத்தின் விலைக்கு விற்பது பச்சை ஏமாற்று. தகரக் கூரைச் சூட்டில் பிவிசி மேட் விரியும், ராத்திரி சுருங்கும். அடியில் ஈரம் தடுக்கிற ஷீட் போடாவிட்டால் தரை ஈரம் ஏறிப் பசை விடும். ஒழுங்காகச் செய்கிறவர்கள் பசை போட்டு ஒட்டும் மேட்டின் இணைப்பை அதே நிறக் கம்பியால் சூடு வைத்து வெல்ட் செய்துவிடுவார்கள். இன்னொன்று, அங்கே தினமும் பினாயில் போட்டுத் துடைத்தார்கள். அது மேட்டில் படலமாகத் தங்கி வழுக்கும்.

பார்க்கப் போகும்போது உங்கள் பிள்ளை ஆடப்போகிற கோர்ட்டையே காட்டச் சொல்லுங்கள். சட்டம் வைத்த மரத்தளம் பக்கத்துச் சிமென்ட் தரையைவிடச் சில அங்குலமாவது உயர்ந்திருக்கும். ஏறுபடி, சரிவு எதுவும் இல்லாமல் சமமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். குதிகாலால் ஓங்கித் தட்டுங்கள், மரமென்றால் அடியில் வெற்றிடம் இருக்கிற சத்தம் வரும். இணைப்புகள் மேல் கையை ஓட்டிப் பாருங்கள். கோர்ட் கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே 2 மீட்டர் இருப்பது நல்லது. என் மகள் ஆடிய கோர்ட்டில் பின்சுவர் கை எட்டும் தூரம்.

பணத்துக்கு வருவோம். ரசீதில் 'கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு உரிமையாளர் அதைத்தான் காட்டினார், அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார். அப்படி அச்சடித்துவிட்டால் வழக்கு போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைத் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்று புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யலாம். நான் மேட்டைத் தூக்கிய போட்டோ, ரசீது, 'மரத்தளம்' என்று அவர்கள் அனுப்பிய விளம்பரம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து மனு கொடுத்திருக்கிறேன்.

மனு நடப்பில் இருப்பதால் இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே அரங்கில் கடைசி கோர்ட்டுகளில் ஆடி யாருக்காவது அடிபட்டிருந்தால், ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். மேட்டைப் புதிதாக ஒட்டிவிடும் முன் இணைப்புகளைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.