ஊர்ப் பயணமும் மலேரியாவும்: கிளினிக், மருந்துக்கடை, லேப் எப்படி?

"நம்ம ஊர்தானே, சின்ன வயசுல வாங்காத கொசுக்கடியா?" வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு, மலேரியா உள்ள சொந்த நாட்டுக்கு விடுமுறையில் போகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இது. கடிபட்டே வளர்ந்தவர்களுக்கு இருந்த ஓரளவு எதிர்ப்புசக்தி, வெளிநாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தாலே தேய்ந்துவிடும். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ அது இருந்ததே இல்லை.

கிளம்புமுன் பயண மருத்துவ கிளினிக்கில் நாட்டின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பகுதி, எந்த மாதம், எத்தனை நாள் என்று சொல்லுங்கள். சில இடங்களுக்கு மலேரியா தடுப்பு மாத்திரையே வேண்டியிருக்காது. கொசுவலையும் கொசு விரட்டப் பூசும் மருந்தும் போதும். அட்டோவக்வோன்-புரோகுவானில் என்ற மாத்திரை கொடுத்தால் 1-2 நாள் முன்பே தொடங்கி, தினமும் சாப்பாட்டோடு போட்டு, மலேரியாப் பகுதியை விட்டு வந்தபின் 7 நாள் தொடர வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்றால் வந்தபின் 4 வாரம். முதலாவது கல்லீரலில் இருக்கும் கிருமியையே தாக்குகிறது. இரண்டாவது, அங்கிருந்து ரத்தத்துக்கு வரும் கிருமியைக் காத்திருந்து பிடிக்கிறது. விமானம் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தப்பு. டாக்ஸிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் ஆகாது. தேவையான மாத்திரை முழுவதையும் கிளம்புமுன்னே வாங்கிவிடுங்கள். போலி மருந்து புழங்கும் நாடுகள் உண்டு.

போன இடத்தில் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் பாராசிட்டமாலும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கையில் கிடைத்துவிடும். உடம்புச் சூடு இறங்கும், கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். கடைக்குப் போகும் நேரத்தில் லேபுக்குப் போகலாம்.

லேபில் 'மலேரியா டெஸ்ட்' என்று மட்டும் கேட்டால், சொட்டு ரத்தத்தில் உடனடி முடிவு காட்டும் ரேபிட் கிட்டோடு அவர்கள் முடித்துவிடக்கூடும். அது சுமார் 20 நிமிட வேலை, உதவாமல் இல்லை. ஆனால் சில கிட்கள் ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான மலேரியாக் கிருமி வகையை மட்டுமே காட்டும்; கிருமி குறைவாக இருந்தால் அதையும் தவறவிடும்; குணமான பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் தடித்த ஸ்மியர், மெல்லிய ஸ்மியர் இரண்டும் கேளுங்கள். கிருமி இருக்கிறதா என்பதைத் தடித்தது சொல்லும். எந்த வகை, எத்தனை சதவீதச் சிவப்பணுக்களில் என்பதை மெல்லியது சொல்லும். ரத்தம் கொடுக்கக் குளிர் நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முதல் முடிவு நெகட்டிவ் என்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்க வேண்டும். ஒரே ஒரு நெகட்டிவை வைத்து 'மலேரியா இல்லை' என்று அனுப்பிவிடும் லேப் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நம்பக்கூடாது.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்துக் காய்ச்சல் பெரும்பாலும் வேறு நோய்; மலேரியா வெளிப்பட குறைந்தது ஏழு நாளாவது ஆகும். அதனால் பலருக்கும் ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகே காய்ச்சல் தொடங்குகிறது. வாழும் நாட்டு டாக்டருக்கு முதலில் தோன்றுவது ஃப்ளூ. "மலேரியா உள்ள பகுதிக்குப் போய் வந்தேன்" என்பதை அவர் கேட்கும்வரை வைத்திருக்காமல் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தாலும். ஃபால்சிபாரம் ஓரிரு நாளிலேயே ஆபத்தாகலாம். குழப்பமான பேச்சு, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை தெரிந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.

விவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியாக் கிருமி வகை கல்லீரலில் பதுங்கி மாதங்கள் கழித்தும் கிளம்பும். அதை வேரறுக்கும் பிரிமாகுவின் மருந்தைத் தொடங்குமுன் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம்; அந்த நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். ஊரிலேயே சிகிச்சை எடுத்திருந்தால் கிருமி வகையும் மருந்தின் பெயரும் எழுதிய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.