குன்னூரில் ஒரு ஸ்கேன் சென்டர்: ரிப்போர்ட் நம்பலாம், தேதிதான் தாமதம்

குன்னூர் டவுனில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஸ்கேன் எடுக்கும் சின்ன சென்டர் இது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். இங்கே முதலில் பாராட்ட வேண்டியது ரிப்போர்ட்டை. பார்த்ததை எல்லாரும் எழுதுவார்கள். இவர்கள் பார்க்க முடியாமல் போனதையும் எழுதுகிறார்கள். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தால் இதயம் சரியாகத் தெரியாது. அப்போது அம்மாவை இருபது நிமிடம் நடக்கவிட்டு மறுபடி பார்க்கிறார்கள். அப்படியும் தெரியாவிட்டால் "ரத்தக் குழாய்கள் தெரியவில்லை, ஒரு வாரத்தில் வரவும்" என்று எழுதித் தருகிறார்கள். அந்த வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மறுமுறைக்குத் தனிக் கட்டணமும் இல்லை.

அஞ்சாம் மாத ஸ்கேனில் இதயத்துக்குத்தான் அதிக நேரம் எடுக்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டும். நாலு அறையும் தெரிகிற படத்தோடு நிறுத்திவிட்டால், பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கும் கோளாறு தப்பிவிடும். அதில் நாலு அறையும் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். அந்தப் படத்திலிருந்து ப்ரோபை, அதாவது வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியை, குழந்தையின் தலைப்பக்கம் மெல்லச் சாய்த்தால் இடது அறையிலிருந்து கிளம்பும் மகாதமனி தெரியும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் வலது அறையிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனி. நல்ல இதயத்தில் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும். இடம் மாறியிருந்தால் தண்டவாளம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடும். உங்கள் ஃபைலில் இந்த மூன்று படமும் இருக்கிறதா என்று பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். அந்தக் கோளாறோடு பிறக்கும் குழந்தைக்குச் சில மணி நேரத்திலேயே மருந்து ஏற்ற வேண்டிவரலாம், ஆபரேஷனும் சீக்கிரம் தேவைப்படும். முன்பே தெரிந்தால் பிரசவத்தைக் கோவையில் வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் நீலம் பாரித்த குழந்தையோடு ஆம்புலன்ஸ் பர்லியாறு வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்.

தலையை அளப்பதிலும் குறை சொல்ல முடியாது. மூளையின் பக்கவாட்டு நீர் அறையை உட்சுவரிலிருந்து உட்சுவருக்கு அளக்கிறார்கள்; 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்திருக்கிறதா என்பதையும் விடாமல் பார்க்கிறார்கள். முதுகுத்தண்டில் சின்னப் பிளவு இருந்தால் முதுகில் நேராகத் தெரியாமல் போகலாம், தலை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி பெரிய குறை. அஞ்சாம் மாத ஸ்கேனுக்கு நல்ல நேரம் 18 முதல் 20 வாரம். இங்கே போன் செய்தால் மூன்று வாரம் தள்ளித்தான் தேதி கிடைக்கிறது. 19 வாரத்தில் கேட்பவர் 22 வாரத்தில் வந்து படுக்கிறார். சந்தேகம் ஏதாவது வந்து கோவைக்குப் போய்ப் பனிக்குட நீர் எடுத்தால், குரோமோசோம் முழு ரிசல்ட் வர இன்னும் 2, 3 வாரம். 2021 சட்டத் திருத்தப்படி 24 வாரம் தாண்டிவிட்டால், குழந்தைக்குக் கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் உறுதி செய்தால்தான் கருக்கலைப்புக்கு அனுமதி. என்ன முடிவு எடுப்பது என்பது அந்தக் குடும்பத்தின் விஷயம். ஆனால் யோசிக்க அவர்களுக்கு நாள் வேண்டுமே! அதனால் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கும், குழந்தையின் கழுத்துப் பின்புற நீரை அளக்கும் ஸ்கேனுக்கு வரும்போதே அஞ்சாம் மாதத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும், அதற்கும் ஒரு வாரம் கையிருப்பு வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள். வாரக் கணக்கு அதை வைத்துத்தான். பிற்பாடு குழந்தையின் அளவைப் பார்த்து அதை மாற்றக் கூடாது.

இன்னொன்று, தண்ணீர். வந்ததும் ஒரு லிட்டர் குடிக்கச் சொல்கிறார்கள். அஞ்சாம் மாதத்தில் பனிக்குட நீரே போதும். சிறுநீர்ப் பை முட்ட முட்ட நிறைந்தால் கருப்பை வாய் உண்மையைவிட நீளமாகக் காட்டும், 25 மி.மீ.க்குக் குறைந்திருப்பது மறைந்துபோகும். கூடலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களை இப்படி அடக்கிக்கொண்டு உட்காரவைப்பது தேவையே இல்லாத வேதனை. சாப்பிட்டுவிட்டே வரலாம். அடையாள அட்டை எடுத்துவாருங்கள், கர்ப்ப ஸ்கேனுக்குச் சட்டம் கேட்கும் படிவம் எஃப் நிரப்பியாக வேண்டும். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994 சட்டப்படி சொல்வது குற்றம்.

ஜெல் பாட்டிலைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் அம்மாவுக்கே அது பெரிய ஆறுதல். உச்சிக்குழி வழியாக மூளை ஸ்கேன் எடுக்கும் குறைமாதக் குழந்தைக்கு அது அவசியம், ஜில்லென்ற ஜெல் உடம்புச் சூட்டை இறக்கிவிடும். வயிற்றிலேயே சிறுநீரகம் வீங்கியிருந்த குழந்தையைப் பிறந்து 48 மணி நேரம் கழித்துக் கொண்டுவரச் சொல்வதும் சரிதான். முதல் இரண்டு நாள் சிறுநீர் குறைவு, வீக்கம் வற்றினாற்போல் காட்டும். இரண்டு பக்கமும் பெரிதாக வீங்கியிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

இடுப்பு ஸ்கேனில்தான் இவர்கள் கொஞ்சம் தேற வேண்டும். வயிற்றில் தலை மேலாக உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்கு 6 வாரத்தில் இதை எடுப்பது நல்லது. குளிருக்குக் காலை நீட்டி இறுக்கித் துணி சுற்றும் வழக்கமும் இடுப்பு மூட்டுக்கு ஆகாது. முழங்கால் மடங்கி விரியக் கால்பக்கம் தளர்வாக விடுங்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்கத் தனித் தொட்டில் உண்டு. இங்கே அது இல்லை, துண்டைச் சுருட்டி அண்டக் கொடுக்கிறார்கள். குழந்தை நெளியும், ப்ரோப் சாயும், இடுப்புக் குழியின் கோணம் தப்பாக வரும். ரிப்போர்ட்டில் 60 டிகிரிக்கு மேல் என்று எண் இருந்தால் மட்டும் போதாது. படத்தில் இடுப்பெலும்பின் கோடு நேராக இருக்க வேண்டும், குழியின் அடிமுனையும் தெரிய வேண்டும். கோடு வளைந்தோ சாய்ந்தோ இருந்தால், பால் கொடுத்துத் தூங்கவைத்து அன்றைக்கே இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். கேட்டால் மறுப்பதில்லை.