எருசலேம் வகுப்பா, எகிப்துப் பாலைவனமா?

எங்கள் பங்கில் திருமுழுக்குக்குத் (ஞானஸ்நானத்துக்கு) தயாராகும் பெரியவர்களுக்கு மறைக்கல்வி, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கையைக் கற்பிக்கும் வகுப்பு, நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்த முறையில் நடத்துவது என்று யோசித்தபோது 4ஆம் நூற்றாண்டின் இரண்டு வழிகள் கண்முன் நின்றன. ஒன்று, எருசலேம் ஆயர் சிரில் தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், நடத்திய வகுப்பு. இன்னொன்று, வனத்து அந்தோணியார் காலத்து எகிப்துத் துறவிகள் சீடர்களை வளர்த்த விதம். நான் எடுத்துக்கொண்டது எருசலேமை. 

பாலைவன வழியில் பாடத்திட்டமே கிடையாது. பெர்மே ஊர்த் தியோடர் என்ற முதிய துறவிக்கு உதவியாக இருக்கலாம் என்று ஈசாக் என்ற இளைஞர் போய்ச் சேர்ந்தார். பெரியவர் ஒரு வேலையும் ஏவவில்லை. தானே சாப்பாடு எடுத்து வைத்து, "விருப்பமிருந்தால் வந்து சாப்பிடு" என்பார். மற்றப் பெரியவர்கள் காரணம் கேட்டதற்கு, "நான் செய்வதைப் பார்த்து, விரும்பினால் செய்யட்டும்" என்றாராம். அன்றிலிருந்து ஈசாக் தானாகவே வேலைகளைச் செய்யத் தொடங்கினார். இதைவிட ஆழமான கல்வி இருக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு தியோடர் கிடைக்க வேண்டும், அவரோடு ஒரே குடிலில் தங்க வேண்டும். அப்படி ஒருவரிடம் நான் வளர்ந்ததில்லை என்பதால், அந்த வழியைப் பற்றி இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எருசலேமுக்கு வருவோம். 350 வாக்கில் சிரில் ஆற்றிய 18 உரைகளும் ஒரு முன்னுரையும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நம்பிக்கை அறிக்கையை, அதாவது கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்பதைச் சுருக்கிச் சொல்லும் வாசகத்தை, அவர் வரிவரியாக விளக்குகிறார். அதைத் தாளில் எழுத வேண்டாம், நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள் என்கிறார். 380களில் அங்கே திருப்பயணம் போன எஜேரியா, தவக்காலத்தில் தினமும் மூன்று மணி நேரம் வகுப்பு நடந்ததையும், முடிவில் ஒவ்வொருவராக ஆயர் முன் அறிக்கையை ஒப்பித்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

சரி, இதெல்லாம் நல்ல வகுப்பின் இலட்சணம்தான். என்னை முடிவெடுக்க வைத்தது திருமுழுக்குக்குப் பிறகு நடந்தது. நம் ஊரில் திருமுழுக்கோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. வந்தவர் அப்புறம் தனியாக நிற்கிறார். எருசலேமில் முக்கியமான பாடமே அப்போதுதான் தொடங்கியது. பாஸ்கா (ஈஸ்டர்) வாரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு அவர்கள் பட்டு அனுபவித்ததையே ஆயர் விளக்கினார். மேற்கு நோக்கி நின்று சாத்தானை ஏன் மறுத்தீர்கள்? பிறகு ஏன் கிழக்கே திரும்பினீர்கள்? நற்கருணை (திருப்பலியில் தரப்படும் அப்பம்) வாங்கும்போது, அரசரை ஏற்கப் போகும் வலக்கைக்கு இடக்கையை அரியணையாக்குங்கள் என்று கையை வைக்கும் விதம்வரை சொல்லப்படுகிறது. இந்த விளக்கத்தைக் கேட்ட மக்களின் ஆரவாரம் கோயிலுக்கு வெளியேயும் கேட்டதாம், எஜேரியா எழுதுகிறார். இப்படித் திருமுழுக்குக்குப் பின் ஆற்றிய ஐந்து உரைகள் கிடைத்திருக்கின்றன; அவை சிரிலுடையவையா, அவருக்குப் பின் வந்த ஆயர் யோவானுடையவையா என்ற விவாதம் உண்டு. முறை எருசலேமுடையது, எனக்கு அது போதும்.

கேட்பதைவிடக் கண்டது நம்ப வைக்கும் என்பதால்தான் இதுவரை காத்திருந்தேன் என்று அந்த ஐந்தில் முதல் உரையிலேயே ஆயர் சொல்கிறார். எங்கள் குழுவில் அது அப்படியே பலித்தது. எண்ணெய் பூசுவதைப் பற்றி முன்பு பேசியபோது தலையை மட்டும் ஆட்டியவர்கள், நெற்றியில் பூசப்பட்ட பிறகு கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். வாரம் முழுக்க வரச் சொல்ல முடியாததால் பாஸ்கா கால ஞாயிறுகளில் திருப்பலி முடிந்ததும் உட்காருகிறோம்: முதலில் திருமுழுக்கு, அடுத்து எண்ணெய், பிறகு நற்கருணை.