11 அங்குலத் தொலைநோக்கிக்கு எந்த மவுண்ட்? ஃபோர்க்கா, ஈக்வடோரியலா?

பெரிய தொலைநோக்கி வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, 'எத்தனை அங்குலம்?' கண்ணால் பார்ப்பதற்கு அது சரியான கேள்வி. கேமரா மாட்டி நெபுலாவையும் கேலக்ஸியையும் படமெடுப்பதென்றால், முதலில் பார்க்க வேண்டியது அடியிலிருந்து தாங்கும் மவுண்டை. அதனால் இங்கே குழாயை மாற்றாமல் வைத்துக்கொள்கிறேன். செலஸ்ட்ரான் நிறுவனத்தின் 11 அங்குல ஸ்மிட்-கேஸ்கிரேன் (கண்ணாடியும் வில்லையும் சேர்ந்த குட்டைக் குழாய்), குவியத் தூரம் 2800 மி.மீ., எஃப்/10, அதாவது விட்டத்தைப்போல் பத்து மடங்கு. இது, குழாயை இரு பக்கமும் கவைபோலப் பிடிக்கும் ஃபோர்க் மவுண்டோடு சேர்ந்து சிபிசி என்ற பெயரில் வருகிறது. குழாயை மட்டும் வாங்கி ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்டில் (ஓர் அச்சு வானத் துருவத்தை நோக்கியிருக்கும், ஒருபக்கம் குழாய், மறுபக்கம் எதிர் எடை) ஏற்றவும் செய்யலாம்.

ஃபோர்க்கின் சுகமே தனி. முக்காலியில் வைத்து, மூன்று பிரகாசமான நட்சத்திரங்களைக் காட்டினால் போதும், மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும். வியாழன், சனி, நிலா எடுக்க இதுவே போதும். அவற்றைக் குறுகிய வீடியோவாக எடுத்து நல்ல ஃப்ரேம்களை அடுக்குவதுதானே வழக்கம்! சிக்கல் நெபுலாவில் வருகிறது. மவுண்ட் மேலும் கீழும், இடமும் வலமுமாக நகர்ந்து பொருளை நடுவில் பிடித்துவைக்கும். ஆனால் கேமராவில் விழும் காட்சி மெல்லச் சுழலும். சில நிமிட எக்ஸ்போஷரில் ஓரத்து நட்சத்திரங்கள் வளைந்த கோடாகிவிடும்.

இதற்கு மருந்து வெட்ஜ், அதாவது ஃபோர்க்கைத் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் உலோகத் தாங்கி. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கச் சாய்வு கூடி, ஃபோர்க் ஏறக்குறையப் படுத்த நிலைக்கு வந்துவிடும். குழாயும் ஃபோர்க்குமாக 30 கிலோ அளவுக்கு இருக்கும் ஒற்றைத் துண்டை இருட்டில் சாய்ந்த தகட்டில் தூக்கி வைத்து போல்ட் முறுக்க வேண்டும். தனி ஆளாக நான் செய்ய மாட்டேன். நிலையான தூணில் ஒருமுறை பொருத்திவிட்டால் கதை வேறு. நடுவானைக் கடக்கும்போது குழாயை மறுபக்கம் புரட்ட வேண்டியதில்லை என்பது ஈக்வடோரியலில் கிடைக்காத வசதி.

ஈக்வடோரியலின் பலம், பிரித்துத் தூக்கலாம் என்பது. செலஸ்ட்ரானின் சிஜிஎக்ஸ்-எல் மவுண்டின் தலை சுமார் 24 கிலோ, தாங்கும் சுமை 34 கிலோ. குழாய் 13 கிலோ அளவு, எதிர் எடைகள் தனி. மொத்தக் கனம் ஃபோர்க்கைவிடக் கூடுதல்தான், ஆனால் இடுப்பு தப்பும்.

இதே வகையில் சிறியதான ஸ்கைவாட்சர் ஈக்யூ6-ஆர் 20 கிலோ தாங்கும் என்கிறார்களே, அது போதாதா? படமெடுக்கிறவர்கள் அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால் குழாய்க்கே கணக்கு தீர்ந்துவிடும். கேமரா, கைடர் (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் திருத்தும் சிறு கேமரா), பனி ஹீட்டரை எங்கே வைப்பது?

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. 3.76 மைக்ரான் பிக்சலோடு 2800 மி.மீ.யில் ஒரு பிக்சலுக்கு 0.28 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் செகண்ட்). வானமோ விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. மவுண்ட் ஒரே ஒரு ஆர்க் செகண்ட் தடுமாறினாலும் நட்சத்திரம் நாலு பிக்சல் அளவுக்கு இழுபடும். சாதாரண இரவில் காற்றுக் கலக்கமே 2, 3 ஆர்க் செகண்ட் இருக்கும் என்பதால் அவ்வளவு நுணுக்கம் பெரும்பாலும் வீண். குவியத் தூரத்தைக் குறைக்கும் 0.7 ரெட்யூசர் வில்லை போட்டால் 1960 மி.மீ., பிக்சலுக்கு 0.4, எக்ஸ்போஷரும் ஏறக்குறையப் பாதியாகும். கைடிங்குக்குத் தனிக் குழாய் வேண்டாம், பெரிய குழாயின் ஒளியிலேயே ஓரத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் ஆஃப்-ஆக்சிஸ் கைடரே சரி. உள்ளே பெரிய கண்ணாடி லேசாக நகர்ந்தால் தனிக் குழாய்க்கு அது தெரியாது.

இப்போது பலரும் கேட்கும், வேறு வகை கியரோடு வரும் எடை குறைந்த ஹார்மோனிக் மவுண்ட்? அந்த வகையில் இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் ஏஎம்5 வெறும் 5 கிலோ. எதிர் எடை இல்லாமலே 13 கிலோ சுமக்கும். குறுகிய குவியத் தூரத்துக்கு அருமை. இந்தக் குழாய்க்கு எடையும் இடிக்கும், கியர் பிழையும் இடிக்கும்.

கிரகமும் நிலாவும்தான் ஆசை என்றால் வெட்ஜ் இல்லாத ஃபோர்க்கை வாங்குங்கள். கேலக்ஸி என்றால் சிஜிஎக்ஸ்-எல் மாதிரி ஒரு மவுண்ட். அதற்குக் காசு எட்டவில்லையா? மவுண்டைச் சுருக்காமல் குழாயைச் சுருக்குங்கள். செலஸ்ட்ரானின் 8 அங்குல எட்ஜ் எச்டி குழாய் ஆறரைக் கிலோ அளவுதான், குவியத் தூரம் 2032 மி.மீ.; ஈக்யூ6-ஆர் அதை அலுங்காமல் சுமக்கும்.