எம்பாஸ் வளிமண்டல மாதிரி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நாளைய மழையைக் கணிக்கும் மாதிரியில் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். நூறு ஆண்டுகளைக் கணிக்கும் மாதிரியில் அதே பிழை ஒரே திசையில் சேர்ந்து, இல்லாத வெப்பமயமாதலாகவே தோன்றக்கூடும். 1956இல் நார்மன் பிலிப்ஸ் வெளியிட்ட முதல் பொதுச்சுழற்சிக் கணிப்பு (பெரும்பரப்புக் காற்றோட்டத்தைக் கணினியில் கணிப்பது) ஏறத்தாழ ஒரு மாத அளவிலேயே நிலைகுலைந்தது. பத்து ஆண்டுகள் கழித்து அகியோ அரகாவா, ஆற்றலையும் காற்றின் சுழல்தன்மையின் வர்க்கத்தையும் ஒருசேரக் காக்கும் கணக்கீட்டு முறையைத் தந்தார். அந்த மரபில் வந்ததுதான், அமெரிக்கத் தேசிய வளிமண்டல ஆய்வு மையமும் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் சேர்ந்து உருவாக்கி இலவசமாக வழங்கும் எம்பாஸ் (MPAS).

அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்கள் துருவங்களில் நெருங்கிக் காலப்படியை (கணிப்பு ஒரு முறை முன்னேறும் நேர அளவை) சுருக்கிவிடும் தொல்லை இதில் இல்லை. புவி முழுவதும் பெரும்பாலும் அறுகோணங்களாலான வலையால் மூடப்படுகிறது. சீரான வலைகளில் ஐங்கோணங்கள் பன்னிரண்டு மட்டுமே. 240 கிலோமீட்டர் வலையில் 10,242 கண்ணிகளே (வலையின் தனித்தனிக் கட்டங்களே) இருப்பதால், கற்பதற்கு மேசைக் கணினியே போதும்.

என்னை ஈர்த்தது, புவி சுழல்வதால் காற்றைத் திசைதிருப்பும் கோரியோலிஸ் விசையை இது கையாளும் விதம். அழுத்தம் கண்ணியின் நடுவிலும், காற்றின் வேகம் ஒவ்வொரு விளிம்புக்கும் செங்குத்தான கூறாகவும் வைக்கப்படுகின்றன. ஆனால் கோரியோலிஸ் விசைக்கு விளிம்பை ஒட்டிய கூறு வேண்டும், அதை அண்டை விளிம்புகளிலிருந்து ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் பிழைத்தால், அசையாமல் நிற்கவேண்டிய புவிச்சுழல் சமநிலை (அழுத்தச் சரிவும் கோரியோலிஸ் விசையும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் நிலை) தானாக நகரத் தொடங்கும். 2009இல் தர்பர்ன், ரிங்லர், ஸ்காமராக், கிளெம்ப் ஆகியோர் இந்த ஊகத்துக்குக் கண்ட எடைகள் அந்தச் சமநிலையை அசையாமல் நிறுத்துகின்றன. அவற்றின் எதிர்ச்சமச்சீரால் கோரியோலிஸ் விசை ஆற்றலைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அழுத்தச் சரிவை, அண்டைக் கண்ணிகளின் நடுப்புள்ளிகளை இணைக்கும் ஒரு முக்கோணத்தைச் சுற்றிக் கூட்டினால் சரியாகச் சுழியம் வருவதால், பொய்யான சுழற்சியும் பிறப்பதில்லை. இத்தனையும் வெறும் கூட்டல் கழித்தலில் கிடைப்பதை இன்றும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

இதற்கான விலை துல்லியம். உருக்குலைந்த கண்ணிகளில் சமன்பாட்டின் சில உறுப்புகளின் பிழை, வலையை நுணுக்கினாலும் முழுமையாகக் குறைவதில்லை. ஒரு கண்ணிக்கு இரண்டு வேகக் கூறுகள் போதுமான இடத்தில் மூன்று இருப்பதால், இயற்கையில் இல்லாத ராஸ்பி அலைகளும் (புவியின் சுழற்சியால் எழும் பெரிய காற்றலைகள்) உள்ளே நுழைகின்றன. முழு வளிமண்டல மாதிரியில் சிறு இரைச்சலைத் தணிக்கும் வடிகட்டிகள் சேர்வதால், நிறை துல்லியமாகக் காக்கப்படும் அளவுக்கு ஆற்றல் காக்கப்படுவதில்லை. பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் எல்எஃப்ரிக் (LFRic) மாதிரி பின்பற்றும் கலப்பு வரம்புறு உறுப்பு முறை இக்குறைகளில் சிலவற்றைத் தீர்க்கிறது, ஆனால் அங்கே கணக்கீட்டுச் சுமை கூடுகிறது. நீண்ட ஓட்டங்களுக்கு நான் எம்பாஸையே தேர்ந்தெடுப்பேன்.

புதிதாகத் தொடங்குவோர் முதலில் ஜாப்லோனோவ்ஸ்கி–வில்லியம்சன் சோதனையை ஓட்டிப் பார்க்கவேண்டும்; அமைதியான காற்றோட்டத்தில் ஒரு சிறு குலைவை இட்டு அது வளர்வதைப் பார்க்கும் சோதனை அது. குலைவு வட அரைக்கோளத்தில் மட்டுமே இடப்படுவதால் தென் அரைக்கோளம் பல நாட்கள் அமைதியாகவே இருக்கவேண்டும். அங்கே ஐந்து முகடுகள் கொண்ட அலை எழுந்தால், அது காற்று அன்று, வலையில் உள்ள ஐங்கோணங்களின் தடம்.